பதினொன்றுக்கு ஆறு

வைரம் அரிய கல் அல்ல. மாணிக்கமும் மரகதமும்கூட அல்ல. விலையை வைத்தே அருமையை அளந்து பழகிய நமக்கு இதை ஏற்பது கடினம். ஆனால் வைரத்தைப் பல நாடுகளில், ஆண்டுதோறும் டன் கணக்கில் தோண்டி எடுக்கிறார்கள். விலை என்பது ஆசையின் அளவு. இயற்கையில் ஒரு பொருள் எத்தனை இடங்களில் இருக்கிறது என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கை ராபர்ட் ஹேசன், ஜெஸ்ஸி ஆசுபெல் என்ற ஆய்வாளர்கள் இருவர் 2016-ல் 'அமெரிக்கன் மினராலஜிஸ்ட்' இதழில் போட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு அறியப்பட்டிருந்த கனிம வகைகள் 5,000-க்கு மேல். அவற்றில் ஏறத்தாழ 2,500 வகைகள் உலகம் முழுவதிலும் ஐந்து இடங்களிலோ அதற்கும் குறைவாகவோதான் கிடைத்திருந்தன. பூமியின் மேலோடு முழுவதையும் கிட்டத்தட்ட நிரப்பியிருப்பவை நூற்றுக்கும் குறைவான வகைகளே. நாம் மிதித்து நடக்கும் மண்ணுக்கும் பாறைக்கும் வெளியே, பெயர் மட்டும் தெரிந்த, கையில் ஒருபோதும் படாத ஒரு பெரிய உலகம் இருக்கிறது.

ஒரு கனிமம் ஏன் அரிதாகிறது? அது உருவாகும் வெப்பமும் அழுத்தமும் மிகக் குறுகிய எல்லைக்குள் இருக்கலாம். வழக்கமாகச் சேராத தனிமங்கள் அதற்காகச் சேர வேண்டியிருக்கலாம். உருவானது நிலைக்காமல் கரைந்து போகலாம். கண்ணுக்குப் பிடிபடாத துணுக்காக, யாரும் ஏறிப் போகாத இடத்தில் கிடக்கலாம். இந்தக் காரணங்களில் பலவும் ஒன்றாகக் கூடிய எடுத்துக்காட்டாக அவர்கள் காட்டிய பெயர் ஃபிங்கரைட். செம்பும் வனேடியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கரிய படிகம். எல் சல்வடோர் நாட்டின் இசால்கோ எரிமலை உச்சியில் கண்டெடுக்கப்பட்டது. கால் மில்லிமீட்டர்கூட இல்லாத துணுக்கு. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

இந்தக் கடைசிச் செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கல் என்றாலே நிலைத்திருப்பது என்று எண்ணுகிறோம். கல்வெட்டு, நடுகல், கல்லறை என்று மனிதர் மறக்க விரும்பாததையெல்லாம் கல்லிடம் ஒப்படைத்தார்கள். அதே இனத்தைச் சேர்ந்த ஒன்று ஒரு மழைக்காலத்தைத் தாங்காது என்றால், பாறைகளின் காலம் குறித்து நாம் வைத்திருக்கும் எண்ணத்தில் ஏதோ குறை இருக்கிறது.

இசால்கோவே ஓர் இளம் மலை. சான்டா அனா என்ற பெரிய எரிமலையின் தெற்குச் சரிவில் 1770-ல் பிளந்த ஒரு வெடிப்பிலிருந்து பிறந்தது. பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஓயாமல் குமுறிக் குமுறித் தன் கூம்பைத் தானே கட்டிக்கொண்டது. இன்று கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரம். இரவில் அதன் உச்சி சிவந்து ஒளிர்வதைப் பார்த்துக் கப்பல்கள் திசையறிந்தன. 'பசிபிக்கின் கலங்கரை விளக்கம்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. இந்தக் காட்சியைப் பயணிகளுக்குக் காட்டவென்று பக்கத்துக் குன்றான செர்ரோ வெர்தேயில் அரசு ஒரு விடுதி கட்டியது. விடுதி எழுந்த காலத்தில், 1958-ஐ ஒட்டி, மலை ஓய்ந்துவிட்டது. 1966-ல் மீண்டும் சிறிது லாவா கசிந்தது, அதோடு சரி.

மலையின் வரலாற்றில் கனிமவியலாளர்களுக்கு வேண்டிய காலம் அந்த ஓய்வுக்குப் பிறகே தொடங்குகிறது. குமுறும் எரிமலை எதையும் சேர்த்துவைக்க விடாது. குமுறல் அடங்கி, உள்ளே மட்டும் கொதி இருக்கும்போது, உச்சியின் பிளவுகளிலிருந்து சூடான வாயு சீறிக்கொண்டே இருக்கும். அவைதான் புகைத்துளைகள். நீராவி, கந்தக டை ஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு ஆகியவற்றோடு சொற்ப அளவில் உலோகங்களும் அந்தப் புகையில் வருகின்றன. பல நூறு டிகிரி வெப்பத்தில், குளோரின் போன்றவற்றோடு இணைந்து, உலோகங்களும் ஆவியாகப் பறக்கக் கூடியவை. வாய்க்கு வந்ததும் வெப்பம் சட்டென்று குறைகிறது, வெளிக்காற்று கலக்கிறது. பறந்து வந்த உலோகம் பாறைச் சுவரில் படிகமாக ஒட்டிக்கொள்கிறது. திரவ நிலையே இல்லாமல், ஆவியிலிருந்து நேரே கல்.

ஒரே துளையின் சுவரில் சில அங்குல இடைவெளியில் வெப்பம் பல படிகளாகக் குறைகிறது. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு கனிமம். ஆழத்தில் ஒன்று, விளிம்பில் ஒன்று, நடுவே இரண்டும் கலந்த ஒரு மெல்லிய வரி. ஒரு நாட்டின் நிலப்படத்தில் தேடினாலும் கிடைக்காத வகைகள் ஒரு சாண் அகலத்துக்குள் குடியிருக்கின்றன.

இதில் வேறொரு வியப்பும் உண்டு. வனேடியம் அரிய தனிமம் அல்ல. பூமியின் மேலோட்டில் அது செம்பைவிட அதிகம். ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிறகு ஏன் செம்பும் வனேடியமும் ஆக்சிஜனும் சேர்ந்த செம்பு வனேடேட்டுகள் இத்தனை அரிது? இரண்டு உலோகங்களும் எளிதில் சந்திப்பதில்லை என்பதே காரணம். பாறைக்குழம்பு ஆறும்போது செம்பு கந்தகத்தைத் தேடிப் போகும். உலகின் செம்புச் சுரங்கங்களில் பெரும்பாலானவை கந்தகத்தோடு கூடிய செம்பைத்தான் தோண்டுகின்றன. வனேடியமோ இரும்போடும் ஆக்சிஜனோடும் போகும்; மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாதுவுக்குள் இரும்பின் இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். கச்சா எண்ணெயிலும் வனேடியம் உண்டு. வெனிசுவேலாவின் கனத்த எண்ணெயை எரிக்கும் கொதிகலன்களில் அதன் சாம்பல் படிந்து உலோகத்தையே அரிக்கும். சில கடல் பீச்சுயிரிகள் கடல்நீரிலிருந்து வனேடியத்தைத் திரட்டித் தம் இரத்த அணுக்களில் வைத்திருக்கின்றன. இப்படி எங்கும் பரவி, அரிதாகவே திரண்டு வாழும் தனிமம் அது.

முதன்முதலில் அது அடையாளம் காணப்பட்டதும் எல் சல்வடோருக்கு அதிகத் தொலைவில்லாத நிலத்தில்தான். 1801-ல் மெக்சிகோவின் ஸிமபான் சுரங்கத்து ஈயத் தாதுவில் ஆந்த்ரேஸ் மனுவேல் தெல் ரீயோ அதைக் கண்டார். பாரிஸிலிருந்து வந்த ஒரு பகுப்பாய்வு அது வெறும் குரோமியம் என்று சொன்னதும் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1830-ல் ஸ்வீடனில் செஃப்ஸ்டிரோம் இரும்பில் அதையே மறுபடி கண்டுபிடிக்க, நார்டிக் தெய்வம் ஒன்றின் பெயர் அதற்கு நிலைத்தது. அடுத்த ஆண்டே இரண்டும் ஒன்றுதான் என்று வேதியியலாளர் வோலர் காட்டினார். பெயர் மட்டும் திரும்பி வரவில்லை.

செம்பும் வனேடியமும் வனேடேட்டாகச் சந்திக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு வகை. செம்புச் சுரங்கங்களின் மேற்பகுதியில், மழைநீரும் காற்றும் புகுந்து தாதுவைச் சிதைக்கும் இடங்களில், நீரோடு சேர்ந்த பச்சை, மஞ்சள் நிற வனேடேட்டுகள் உண்டாகும். வால்போர்த்தைட் அவற்றில் ஒன்று. 1838-லேயே ரஷ்யாவில் பெயரிடப்பட்டது. பிறகு பல நாடுகளில் கிடைத்தது. அதன் செம்பு அணுக்கள் முக்கோணங்கள் பின்னிய வலையாக அமைந்திருப்பதால் இன்று காந்தவியல் அறிஞர்கள் அதைச் செயற்கையாகவே வளர்த்து ஆராய்கிறார்கள். மற்ற வகை, நீரே இல்லாத, எரிமலைப் புகையில் பிறக்கும் கரிய கூட்டம். கமச்சட்காவின் டோல்பாச்சிக் எரிமலை 1975-76 வெடிப்புக்குப் பிறகு இத்தகைய பலவற்றைத் தந்தது. ஆனால் இந்தக் குடும்பத்தின் மூத்தவை இசால்கோவிலிருந்து வந்தவை.

1979-ல் ஸ்டாய்பரைட். 1980-ல் ஸீசைட். 1985-ல் ஃபிங்கரைட். 1987-ல் மெக்பர்னியைட்டும் ப்ளாசைட்டும். இந்த ஐந்திலும் இருப்பவை செம்பு, வனேடியம், ஆக்சிஜன் என்ற மூன்று தனிமங்கள் மட்டுமே. நான்காவது ஒன்று கிடையாது. வேறுபாடு முழுவதும் விகிதத்திலும் அடுக்கிலும்தான். ஸீசைட்டில் இரண்டு வனேடியத்துக்கு இரண்டு செம்பு. மெக்பர்னியைட்டில் இரண்டுக்கு மூன்று. ஸ்டாய்பரைட்டில் இரண்டுக்கு ஐந்து. நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில், ஆறு வனேடியத்துக்குப் பதினொரு செம்பு என்ற எதிர்பாராத எண்ணிக்கையில், 26 ஆக்சிஜன் அணுக்களோடு நிற்பது ஃபிங்கரைட். செம்பு சற்றுக் குறைந்தால் அது மெக்பர்னியைட்டாகிவிடும். சற்றுக் கூடினால் ஸ்டாய்பரைட் பக்கம் சாய்ந்துவிடும். அதிரசப் பாகு காய்ச்சியவர்களுக்கு இந்தக் குறுகலான பதம் தெரியும். அங்கே கைக்குப் பழகிய ஒருவர் அடுப்படியில் நிற்கிறார். மலை உச்சியில் யாரும் நிற்கவில்லை.

ப்ளாசைட்டின் கதை இன்னும் நுட்பமானது. அதற்கும் ஸீசைட்டுக்கும் இயைபு ஒன்றே. அணுக்களின் எண்ணிக்கையில் இம்மியும் வேறுபாடில்லை. அடுக்கிவைத்த முறை மட்டும் வேறு. ஸீசைட்டை முதலில் விவரித்தபோதே, எந்த அடுக்கு கிடைக்கிறது என்பதிலிருந்து புகைத்துளையின் வெப்பத்தை ஊகிக்கலாம் என்று ஜான் ஹியூஸும் ரிச்சர்ட் பர்னியும் முன்மொழிந்தார்கள். வெப்பமானி வைக்க ஆளில்லாத இடத்தில் படிகமே வெப்பத்தைக் குறித்துவைத்திருக்கிறது என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கிறது. அறிவியல் கட்டுரைகளின் வறண்ட நடைக்குள் இப்படிப்பட்ட அன்பான கவனிப்புகள் பதுங்கியிருக்கும்.

பெயர்களிலும் அந்த அன்பைப் பார்க்கிறேன். ரிச்சர்ட் ஸ்டாய்பர் டார்ட்மவுத் கல்லூரியின் ஆசிரியர். தொழிற்சாலைப் புகைபோக்கிகளை அளக்கச் செய்த கருவி ஒன்றை 1970-களின் தொடக்கத்தில் எரிமலைகளுக்குக் கொண்டுபோய், அவை கக்கும் கந்தக வாயுவைத் தூரத்திலிருந்தே அளக்கும் வழியைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். இமானுவேல் ஸீஸ் அதற்கு முந்திய தலைமுறை. 1912-ல் அலாஸ்காவில் நடந்த பெருவெடிப்பு விட்டுச்சென்ற 'பத்தாயிரம் புகைகளின் பள்ளத்தாக்கில்' படிந்த உப்புகளையும் உலோகங்களையும் பகுத்து, உலோகத் தாதுக்கள் பிறப்பதைப் புரிந்துகொள்ளப் புகைத்துளைகள் உதவும் என்று காட்டியவர். அலெக்சாண்டர் மெக்பர்னி மத்திய அமெரிக்க எரிமலைகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். டொனால்ட் ப்ளாஸ் கனிமங்களை நுண்ணோக்கியில் ஒளிகொண்டு அறியும் கலைக்குப் பாடநூல்கள் எழுதியவர். லாரி ஃபிங்கர் படிகங்களின் உள்ளமைப்பை எக்ஸ் கதிர்களால் வாசித்தவர். ஹேசனும் அவரும் பல ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்து நூலும் எழுதியிருக்கிறார்கள். அரியவற்றில் அரியதாக ஃபிங்கரைட்டை ஹேசன் சுட்டியபோது ஒரு பழைய தோழமையும் அதில் கலந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்தப் படிகங்களில் பலவற்றை விவரித்த ஹியூஸின் பெயரும் பின்னாளில், 2011-ல், கொலராடோ சுரங்கம் ஒன்றில் கிடைத்த ஒரு வனேடேட்டுக்கே வைக்கப்பட்டது.

ஆனால் இந்த ஐந்து பெயர்களையும் வரிசையாகப் படிக்கும்போது ஒரு வெறுமையும் தட்டுப்படுகிறது. மலையின் பெயரோ மலையடிவாரத்து மக்களின் பெயரோ அவற்றில் இல்லை. இசால்கோ என்பது மலையின் பெயர் மட்டுமல்ல. நாவா மொழி பேசிய பிப்பில் மக்களின் ஊர்ப் பெயரும்கூட. 1932 ஜனவரியில், காப்பி விலை சரிந்து கூலி நின்றுபோன காலத்தில், அந்தப் பகுதியின் பழங்குடி உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தளபதி மார்த்தினெஸின் அரசு சில வாரங்களில் பல்லாயிரம் பேரைக் கொன்றது. குறைவாகச் சொல்பவர்களும் ஏறத்தாழ 10,000 என்பார்கள். சிலர் 30,000-க்கும் மேல் என்பார்கள். தலைவர்களில் ஒருவரான ஃபெலிசியானோ ஆமாவை இசால்கோ ஊரிலேயே தூக்கிலிட்டார்கள். அதன் பிறகு உயிருக்குப் பயந்து மக்கள் தங்கள் உடையையும் மொழியையும் வெளியில் காட்டாமல் மறைத்துக்கொண்டார்கள். அந்த வாரங்களில் இசால்கோவும் குமுறிக்கொண்டிருந்தது. கிளாரிபெல் அலெக்ரியா தன் கணவர் டார்வின் ஃப்ளகோலோடு சேர்ந்து எழுதி 1966-ல் வெளிவந்த 'இசால்கோவின் சாம்பல்' நாவல் அந்த இரண்டு நெருப்புகளையும் அருகருகே வைக்கிறது. மலையின் வேதியியலை எழுதும்போது இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஓர் இடத்தில் மட்டுமே இருக்கும் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், அந்த இடத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

மீண்டும் படிகத்துக்கு வருகிறேன். இதன் பிறப்பில் நெருப்புக்கு மட்டுமே பங்கு என்று தோன்றும். அப்படி இல்லை. பாறைக்குழம்புக்குள் வனேடியம் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. வனேடேட்டாக மாற ஐந்தை இழக்க வேண்டும். அதற்கு ஆக்சிஜன் தாராளமாக வேண்டும். துளையின் வாயில் வந்து கலக்கும் வெளிக்காற்று அதற்குத் துணை செய்கிறது. அந்தக் காற்றின் ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? கடலின் நுண்ணுயிர்கள் சூரிய ஒளியால் நீரைப் பிளந்து வெளியிட, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் சேரத் தொடங்கியது. பாசிகளும் செடிகளும் இன்றுவரை நிரப்பிவருவது. ஹேசன் 2008-ல் தன் குழுவோடு முன்வைத்த கருத்து இதற்கு ஒத்தது: இன்று நாம் அறியும் கனிம வகைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, உயிரினங்கள் மாற்றியமைத்த காற்றும் நீரும் இல்லாமல் தோன்றியிருக்க முடியாது. அப்படிப் பார்த்தால், எந்த உயிரும் வாழ முடியாத அந்த நச்சுப்புகைக்குள் பிறக்கும் கரிய துணுக்கிலும் இலைகளின் வேலை இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத பழைய பூமியில் இசால்கோ போன்ற மலைகள் எத்தனையோ குமுறியிருக்கும். அவற்றின் உச்சியில் ஃபிங்கரைட் படிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அருமை என்பதை நாம் பொருளின் குணமாகவே நினைக்கிறோம். இங்கே பொருள் சாதாரணமானது. செம்பு நம் வீட்டுப் பாத்திரத்தில் இருக்கிறது. வனேடியம் கருவி எஃகில் இருக்கிறது. ஆக்சிஜன் மூச்சில் இருக்கிறது. அரிதாக இருப்பது அவை ஓர் இடத்தில், ஒரு வெப்பத்தில், பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கில், இரண்டு மழைக்காலங்களுக்கு நடுவே சந்திப்பது. எல் சல்வடோரில் மே முதல் அக்டோபர் வரை மழை கொட்டும். ஆகவே எடுத்துவந்து அருங்காட்சியகத்தில் வைத்த துணுக்குகள் வேறுவகையில் தப்பிப் பிழைத்தவை. யாரோ ஒருவர் சரியான மாதத்தில், முகமூடி அணிந்து, கால் சுடச் சுட உச்சியில் மண்டியிட்டுச் சுரண்டி எடுத்ததால் மட்டுமே அவை இன்று ஒரு பெயரோடு இருக்கின்றன. எடுக்கப்படாமல் கரைந்தவற்றுக்குக் கணக்கில்லை.

ஆய்வுக்கூடத்தில் இதே சேர்மங்களைச் செய்வது கடினமில்லை. செம்பு ஆக்சைடையும் வனேடியம் பென்டாக்சைடையும் சரியான அளவில் கலந்து உலையில் வைத்தால் போதும். ஸ்டாய்பரைட்டின் இயைபுள்ள படிகத்தின் அமைப்பு, அது மலையில் கண்டெடுக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வெளியாகிவிட்டது. இன்னும் சுவையான திருப்பம் 2015-ல் நடந்தது. சூரிய ஒளியைக் கொண்டு நீரைப் பிளந்து எரிபொருள் பெற வழிதேடிய கலிஃபோர்னியா ஆய்வாளர்கள், செம்பு-வனேடிய விகிதத்தைச் சிறிது சிறிதாக மாற்றி மெல்லிய படலங்களைச் செய்து சோதித்தார்கள். ஒளியை வாங்கி நீரிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றும் திறன் நான்கு சேர்மங்களில் தென்பட்டது. இரண்டு, ஸீசைட், ப்ளாசைட் ஆகியவற்றின் அதே அடுக்குகள். ஒன்று, மெக்பர்னியைட்டின் இயைபுடைய வேறொரு வடிவம். நான்காவது, பதினொன்றுக்கு ஆறு. இந்தப் படிகங்களைத் தேய்த்துப் பொடியாக்கினால் தெரியும் செம்பழுப்பு நிறமே இதற்கான குறிப்பு: கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பெரும்பகுதியை இவை விழுங்குகின்றன. கடல் நுண்ணுயிர்கள் தொடங்கிவைத்த வேலையை, அவை தந்த ஆக்சிஜனால் உண்டான ஒரு சேர்மத்திடம் இன்று ஒப்படைக்கப் பார்க்கிறோம். திறன் இன்னும் குறைவுதான். ஒளி எழுப்பும் மின்னூட்டங்கள் வெளியே வருமுன் தமக்குள் இணைந்து அழிந்துவிடுகின்றன. நீருக்குள் வனேடியம் மெல்லக் கரைந்து போவதும் தொல்லை தருகிறது.

அந்தப் படலங்களை யாரும் ஃபிங்கரைட் என்று எழுதுவதில்லை. மனிதர் செய்த பொருளைக் கனிமவியல் கனிமமாக ஏற்பதில்லை. வாய்பாடு ஒன்றாக இருந்தாலும் அந்தப் பெயர் இயற்கையில் கிடைத்ததற்கே. அந்த விதி எனக்குச் சரியாகவே படுகிறது. உலையில் செய்தது எப்போது வேண்டுமானாலும் மறுபடி கிடைக்கும். மலையில் கிடைப்பது மலையின் உடல்நிலையைப் பொறுத்தது. இசால்கோ ஆறிக்கொண்டே வரும் மலை. துளைகளின் வெப்பம் இறங்க இறங்க, வனேடியத்தைத் தூக்கிவரும் வலு புகைக்குக் குறையும். இனி அங்கே என்னென்ன படிகின்றன என்பதை, மழை விட்ட ஒரு பிப்ரவரியில், சல்வடோரின் இளம் புவியியலாளர்களே ஏறிப் பார்த்து எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். புதிதாக ஏதேனும் கிடைத்தால், அதற்கான பெயரை அடிவாரத்து ஊர்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.